பட்டம் முடியும் முன்னே முதுமாணிப் பாடம் எடுக்கலாமா?

அக்கா,

மகள் அனுப்பிய பாடப்பட்டியலைப் பார்த்தேன். அமெரிக்காவில் மூன்றாம் வருடக் கணிதம் படிக்கிற பிள்ளை, அடுத்த செமஸ்டருக்கு முதுமாணி, கலாநிதி மாணவர்கள் படிக்கிற மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனலிசிஸ்) பாடத்தையும் சேர்த்திருக்கிறாள். "டிகிரியே முடியேல்ல, அதுக்குள்ள மாஸ்டர்ஸ் பாடமா? ஃபெயிலானா ஸ்கொலர்ஷிப்பும் போயிடுமே" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். ஆனாலும் என் பதில், எடுக்கட்டும் என்பதே. ஒன்று மட்டும், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

உங்களுக்கு இது விசித்திரமாகப் படுவதற்குக் காரணம் நம்முடைய முறை. இங்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிற பிள்ளைக்கு இப்படியொரு கேள்வி பெரும்பாலும் வராது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், முதுமாணி 9, 10. பட்டத்தை முடித்துத்தான் முதுமாணிக்குப் போகலாம். அமெரிக்கக் கம்பஸ்களில் வேலி அவ்வளவு இறுக்கமில்லை. பல இடங்களில் 400 வரை இலக்கமிட்ட பாடங்கள் இளமாணிக்கு, 500, 600 என்று போவது அதற்கு மேலே. விரிவுரையாளர் சம்மதித்தால் இளமாணி மாணவரும் போய் உட்காரலாம். அதனால் மகள் முதுமாணிக்குச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. மேல் வகுப்பில் ஒரு பாடம் படிக்கப் போகிறாள், அவ்வளவுதான்.

பாடம் கஷ்டமா என்றால், கஷ்டம்தான். இளமாணியில் மெய்ப் பகுப்பாய்வு என்றால் எல்லை, தொடர்ச்சி, ரீமான் தொகையீடு என்று ஆறுதலாகப் போகும். இந்த வகுப்பிலே அதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே லெபேக்கின் அளவைக்குள், அதாவது நீளம், பரப்பு என்பதைச் சிக்கலான கணங்களுக்கும் பொதுவாக அளக்கிற கோட்பாட்டுக்குள், இறங்கிவிடுவார்கள். விரிவுரையில் நிறுவலின் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை வீட்டில் செய்துபாருங்கள் என்பார்கள். உயர்தரத்துக்கு ரியூஷனில் பாஸ்ட் பேப்பர் செய்து தள்ளிய பழக்கம் இங்கே உதவாது. ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழிக்க நேரும். அந்த நேரம் பார்த்து உங்களுக்குக் கோல் எடுத்து அழுதாளென்றால், பயந்து பாடத்தை விடச் சொல்லாதீர்கள். கலாநிதிக்கு வந்தவர்களும் பக்கத்து மேசையில் அப்படித்தான் முழித்துக்கொண்டிருப்பார்கள்.

நிபந்தனை இதுதான். இளமாணி மட்டத்துப் பகுப்பாய்வை விளங்கிப் படித்து ஏ எடுத்திருக்க வேண்டும். பாடமாக்கி எடுத்த ஏ என்றால் கணக்கில்லை. எப்படித் தெரிந்துகொள்வது? பாடம் நடத்துபவரிடம் போன வருடத்து முதல் இரண்டு வீட்டுவேலைத் தாள்களைக் கேட்டு வாங்கட்டும். கேட்டால் தருவார்கள், அங்கே அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றில் ஒரு பங்கு கேள்விக்கு வழி தெரிகிறதென்றால் போகலாம். கேள்வியே விளங்கவில்லை என்றால் அடுத்த வருடத்துக்குத் தள்ளட்டும்.

இனி, இதனால் என்ன லாபம்? பலர் நினைப்பதுபோலக் காலமும் காசும் மிச்சம் பிடிப்பது அல்ல. இளமாணிக்கென்று ஒருதரம் எண்ணிய கிரெடிட்டை இன்னொரு கம்பஸ் முதுமாணிக்கு எடுத்துக்கொள்வது அபூர்வம். அதைவிட, அங்கே கலாநிதிப் படிப்புக்கு முதுமாணி கட்டாயமில்லை. பட்டம் முடித்த கையோடு நேரே போகலாம். கணிதம் போன்ற துறைகளில் கற்பித்தல் உதவியாளராக வேலை தந்து, கட்டணத்தையும் விலக்கி, கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். இது தெரியாமல் முதுமாணிக்கு என்று காணியை ஈடு வைக்கப் போன பெற்றோரும் இங்கே இருக்கிறார்கள்.

உண்மையான லாபம் ஒரு கடிதம். கலாநிதிக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். "என் வகுப்பில் கெட்டிக்காரி" என்று எழுதுகிற கடிதம் ஊருக்கு நூறு. "முதல் வருடக் கலாநிதி மாணவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து அவர்களுக்குச் சமமாகச் செய்தாள்" என்று ஒருவர் எழுதினால் அதற்கு நிறை வேறு. நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே அரச அறிவியல் நிதியம் (NSF) இளமாணி மாணவருக்குப் பணம் கொடுத்து நடத்துவிக்கிற கோடைகால ஆய்வுத் திட்டங்களிலும், அது கொடுக்கிற கலாநிதிப் புலமைப்பரிசிலிலும் அந்நாட்டவருக்கும் நிரந்தர வதிவுள்ளவர்களுக்கும்தான் அந்தப் பணம். மாணவ விசாவில் போன பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. திறமையைக் காட்ட மிஞ்சியிருக்கிற சில வழிகளில் இது ஒன்று. ஆனால் விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் முடிந்துவிடும். கடைசி செமஸ்டரில் எடுத்தால் கடிதம் எழுத ஆளிருந்தும் பிரயோசனமில்லை. மகள் இப்போது கேட்பது சரியான நேரம்.

படிப்பு முடிய மென்பொருள் வேலைக்குத்தான் போகப் போகிறாள் என்றால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். வேலை கொடுப்பவர் அளவைக் கோட்பாட்டைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. அதற்குப் புள்ளிவிபரவியலும் நிரலாக்கமும் போதும்.

பெறுபேறு பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பட்டத்துக்கு 120 கிரெடிட், மற்ற 117இலும் சராசரி 4.00க்கு 3.80 என்று வைப்போம். இந்த 3 கிரெடிட் பாடத்தில் பி பிளஸ், அதாவது 3.3 வந்தால் மொத்தம் 3.79. சி, அதாவது 2.0 வந்தாலும் 3.75 அளவில் நிற்கும். நாளைக்கு ஊருக்கு வந்து விரிவுரையாளராக விண்ணப்பித்தாலும், இங்கே முதல் வகுப்புக்குக் கேட்கிற 3.70க்கு மேலேதான். பயம் பெரிது, சேதம் சின்னது.

நான் உண்மையில் யோசிப்பது விசாவை. எஃப்-1 என்கிற மாணவ விசாவில் இருக்கும் இளமாணி மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். சரியாக 12 பதிந்துவிட்டு, நடுவில் தாங்காமல் இந்தப் பாடத்தை விட்டால் 9 ஆகிவிடும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்தால் விசாவுக்கே சிக்கல். ஆகவே 15 பதியட்டும். விட்டாலும் 12 மிஞ்சும். பரீட்சை எழுதாமல் சும்மா இருந்து கேட்கிற வகுப்பை அந்த 12இல் சேர்க்க மாட்டார்கள், அதையும் சொல்லிவையுங்கள். அப்புறம், பக்கத்து ஒழுங்கையில் யாரோ ஒரு பிள்ளை இரண்டு பாடம் எடுத்ததாமே என்ற கதையை மகளிடம் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்கொலர்ஷிப் விஷயத்தில் மட்டும் இப்போதே என்னால் எதுவும் சொல்ல முடியாது. செமஸ்டருக்குச் செமஸ்டர் சராசரி பார்க்கிறார்களா, மொத்தச் சராசரி பார்க்கிறார்களா என்பது அவர்கள் கொடுத்த கடிதத்தில் இருக்கும். மேலே போட்ட கணக்கு மொத்தச் சராசரிக்குத்தான். ஒரே செமஸ்டரைத் தனியாகப் பார்த்தால் ஒரு சி நன்றாகவே இழுத்துவிடும். இன்றைக்கு இரவு கதைக்கும்போது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, பதிவு முடிகிற திகதிக்கு முன்னே நானே மகளோடு கதைக்கிறேன்.