“விட்ஸ் 2001” என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்
வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் விலை எட்டும் உயரத்தில் இல்லை. அதனால் இருபது, இருபத்தைந்து வயதான ஜப்பான் சின்னக் கார்களைப் பற்றித்தான் இம்முறையும் கேள்விகள் குவிந்திருக்கின்றன.

கேள்வி: எனது டொயோட்டா விட்ஸுக்கு முன் பிரேக் பேட் தேவைப்பட்டது. “விட்ஸ் 2001, ஆயிரம் சீசீ” என்று கொழும்புக் கடைக்குச் சொன்னேன். பஸ்ஸில் வந்த பார்சல் இரண்டு தடவையும் பொருந்தவில்லை. வேறு என்ன விபரம் சொல்ல வேண்டும்? (சாவகச்சேரி)

பதில்: முதல் சந்தேகம் அந்த 2001 மேல்தான். பதிவுப் புத்தகத்தைப் பார்த்து நீங்கள் சொன்னது இலங்கையில் முதற் பதிவு செய்த ஆண்டாக இருக்கலாம். கார் ஜப்பானில் அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே ஓடத் தொடங்கியிருக்கலாம். 1999இல் வந்த முதல் தலைமுறை விட்ஸில் 1.0, 1.3, 1.5 லீற்றர் என மூன்று எஞ்சின்கள் உண்டு. இடையில் முகப்பு வடிவ மாற்றமும் நடந்தது. ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்ற வேறுபாடு வேறு. ஆகவே பெயரும் ஆண்டும் சொன்னால் கடைக்காரர் ஊகித்துத்தான் எடுப்பார்.

சொல்ல வேண்டியது சேசி இலக்கம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களில் 17 எழுத்து இலக்கம் இருக்காது. எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ இருக்கும் சிறு தகட்டில், “எஸ்சிபி10” போன்ற மாதிரிக் குறியீடும், அதன் பின்னால் ஒரு கோடும், ஏழு இலக்கங்களும் இருக்கும். அதே தகட்டில் எஞ்சின், கியர்பொக்ஸ், நிறம், உள்ளலங்காரம் ஆகியவற்றின் குறியீடுகளும் உள்ளன. தூசியைத் துடைத்துவிட்டு முழுத் தகட்டையும் படமெடுத்து அனுப்புங்கள். பெயின்ற் கலக்கும்போதும் அந்த நிறக் குறியீடு கைகொடுக்கும்.

சேசி இலக்கத்தை வைத்து டொயோட்டா பட்டியலில் தேடினால் பத்து இலக்கப் பாக எண் கிடைக்கும். முதல் ஐந்து, பொருள் என்னவென்று சொல்லும்: 04465 என்றால் முன் பேட், 04495 என்றால் பின் ஷூ. அடுத்த இரண்டு, அந்தப் பாகம் எந்த வாகனக் குடும்பத்துக்காக முதலில் செய்யப்பட்டது என்று காட்டும். 52 விட்ஸ், 12 கொரோல்லா. உங்களுக்கு வந்த பெட்டியில் 04465க்குப் பின்னால் 12 இருந்தால், பிரித்துப் பார்க்காமலே ஒருமுறை யோசிக்கலாம். பழைய எண்ணை நிறுத்தி டொயோட்டா புதிய எண் கொடுப்பதும் உண்டு. எண் வேறாக இருந்தால், எந்த எண்ணுக்குப் பதிலாக இது வந்தது என்று கடைக்காரரையே பட்டியலில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பேட் விடயத்தில் இன்னொரு காப்பும் செய்யுங்கள். பழைய பேட்டை ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து, முன்னும் பின்னும் படமெடுங்கள். தகட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும். புதியது பூட்டி ஓடிப் பார்க்கும் வரை பழையதை எறிய வேண்டாம்.

கேள்வி: விட்ஸ் 1.0. சந்தியில் நெரிசலில் நின்றால் சூடேறியது. கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது சூடேறுவதில்லை, ஆனால் பெற்றோல் கூடக் குடிக்கிறது. புகைப் பரிசோதனையிலும் தோற்றுவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (யாழ்ப்பாணம்)

பதில்: நேரடித் தொடர்பு. தெர்மோஸ்டாட், ஏறத்தாழ 82 பாகையில் ரேடியேற்றர் நீருக்குத் திறக்கும் கதவு. அது இல்லாவிட்டால் குளிர்ந்த நீர் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். வெப்ப சென்சர் “இன்னும் குளிர்தான்” என்று சொல்ல, கணினி பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். அதில் எரியாத பங்குதான் பரிசோதனை இயந்திரத்தில் எகிறுகிறது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலையும் அது கழுவிவிடும். இது வைத்தியமே அல்ல, காய்ச்சல்காரரின் தேர்மோமீற்றரை உடைத்த கதை.

நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்குகிறதென்றால் முதலில் விசிறியைப் பாருங்கள். ஏசியைப் போட்டவுடன் ரேடியேற்றர் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ரிலே, பியூஸ், பிறகு மோட்டாரின் கார்பன் தூரிகை. மோட்டாரைக் கையால் தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? தூரிகை தேய்ந்துவிட்டது. சுவிட்சுடன் நேரடியாக வயர் இழுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

விசிறி சரி என்றால் மூடி. ரேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். அது தாங்க வேண்டிய அழுத்தம். உள் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, நீர் முன்கூட்டியே கொதிக்கும். அதே எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள். அடுத்தது தண்ணீர் பம்ப்: அதன் கீழிருக்கும் சிறு துளையருகே காய்ந்த கூலன்ட் பொருக்கு இருந்தால் சீல் போய்விட்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள்; தொடர்ந்து குமிழி எழும்பினால் ஹெட் கஸ்கெற் (சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகம்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு எதிரி கிணற்று நீர். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய அந்த நீர் கேத்திலில் என்ன படியவிடுகிறதோ அதையே ரேடியேற்றர் குழாய்களிலும் படியவிடும். ஓடி நிறுத்தியபின் ரேடியேற்றரின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள் (விசிறிப் பக்கம் கை வேண்டாம்). இடையில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே அடைத்துவிட்டது. கழற்றிச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது தவிர வழியில்லை.

இனித் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். புதியதையும் சோதித்தே போடலாம்: சட்டியில் நீர், ஒரு தேர்மோமீற்றர், நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட். 80–84 பாகைக்குள் திறக்கத் தொடங்கி, 95இல் 8 மில்லிமீற்றருக்கு மேல் திறந்திருக்க வேண்டும். பூட்டும்போது அதன் விளிம்பில் ஆடும் சிறு ஊசி மேற்பக்கம் வர வேண்டும். அடைபட்ட காற்று வெளியேறும் வழி அது. இந்தக் காருக்கு ஐந்து லீற்றருக்குள்தான் பிடிக்கும். செறிவான கூலன்டும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை மட்டத்தை நிரப்புங்கள். பிறகு பரிசோதனைக்குப் போகும்போது எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஜப்பான் கார் என்பதால் 95 ஒக்டேன் போடத்தான் வேண்டுமா? (ஹற்றன்)

பதில்: வேண்டாம். ஜப்பானின் சாதாரண பெற்றோல் தரமே 89 ஒக்டேனிலிருந்துதான் தொடங்குகிறது. விட்ஸ், மார்ச், அல்ரோ எல்லாம் அதற்காக அமைந்தவை. எங்கள் 92 தாராளம். ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்டால் 95க்குப் போகுமுன் பிளக்கையும் எஞ்சின் சூட்டையும் பாருங்கள்.

கேள்வி: நிசான் மார்ச் கே11. குளிராக இருக்கும்போது நன்றாக ஓடுகிறது. சூடானபின் சந்தியில் நின்றால் அணைந்துவிடும். சில நாட்களில் எவ்வளவு மிதித்தாலும் வேகமெடுக்காது. பிளக், டிஸ்ரிபியூட்டர் மூடி, பெற்றோல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. (மட்டக்களப்பு)

பதில்: இது கே11இன் பேர்போன நோய். காற்றோட்ட மீற்றர், அதாவது உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சர், திறொட்டில் பொடியோடு (மிதிக்கும்போது காற்றுக்குத் திறக்கும் பகுதி) சேர்ந்தே இருக்கிறது. எஞ்சின் சூடும் அதிர்வும் பல ஆண்டுகள் பட்டு, அதன் உள்ளே இணைப்பு ஊசிகளைப் பிடித்திருக்கும் ஈயப் பற்று மயிரிழையாக வெடித்துவிடும். குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விடுபடும். மீற்றரின் தகவல் அறுந்ததும் கணினி பாதுகாப்பு நிலைக்குப் போய், எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2400க்கு மேல் விடாது. நீங்கள் சொல்லும் “மிதித்தாலும் எடுக்காது” அதுதான்.

சோதனை எளிது. எஞ்சின் சூடாக, சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது, மீற்றர் பெட்டியை ஸ்குரூ டிறைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தடுமாறினாலோ அணைந்தாலோ ஆளைப் பிடித்தாயிற்று.

பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, எயார் கிளீனர் பெட்டியை எடுத்து, மீற்றரின் மேல் மூடியை ஒட்டியிருக்கும் சிலிக்கனைக் கூரிய கத்தியால் சுற்றிவர அறுத்துத் திறக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசியைச் சுற்றிக் கறுத்த வளையம் தெரியும். 25 முதல் 40 வாற் வரையான ஈயக்கோலால், பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, ஒவ்வொரு புள்ளியையும் உருக்கிப் புதிய ஈயம் விடுங்கள். கறுப்பு வளையம் தெரியாத புள்ளிகளையும் விடாதீர்கள். இன்று ஒன்று, அடுத்த மாதம் மற்றது. காற்றுப் பாதையில் இருக்கும் மெல்லிய கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. மூடியைச் சிலிக்கனால் மீண்டும் அடைக்க வேண்டும். வானொலி திருத்துபவர் இதை நன்றாகச் செய்வார், பல கராஜ்களை விடவும்.

அணையாமலிருக்க ஐடில் (சும்மா ஓடும் வேகம்) திருகை யாராவது கூட்டி வைத்திருந்தால், வேலை முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒட்டோ கியர் விட்ஸ். கியர் ஒயில் மாற்றினால் கியர்பொக்ஸ் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? (வவுனியா)

பதில்: ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பொக்ஸில் மாற்றி, பிறகு அது போனால் பழி ஒயிலுக்கு. எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-யில் விட்டு, கியர் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். சிவப்போ வெளிர் பழுப்போ என்றால் மாற்றலாம். கறுத்து, எரிந்த மணம் வந்து, கியர் ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறினால் ஒயிலில் காசு போடாதீர்கள்.

எஸ்சிபி10இன் (முதல் தலைமுறை 1.0 விட்ஸ்) நான்கு கியர் பொக்ஸுக்கு டொயோட்டா ரைப் ரி-4 ஒயில். அடைப்பாணியைக் கழற்றி வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை விடுங்கள். பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை செய்வது நல்லது. இயந்திரம் பூட்டி அழுத்தத்தில் கழுவுவது பழைய பொக்ஸுக்கு வேண்டாம். 2005 முதல் வந்த கேஎஸ்பி90 போன்ற விட்ஸில் இருப்பது சீவீரி (படிப்படியாக அன்றி, தொடர்ச்சியாக மாறும் ஒட்டோ கியர்). அதற்கு இந்த ஒயிலை ஒரு சொட்டும் விடக்கூடாது, சீவீரிக்குரியதுதான்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த கழற்றிய பாகங்கள் கிடைக்கின்றன. எவற்றை நம்பி வாங்கலாம்? (திருகோணமலை)

பதில்: இரும்பும் செம்பும் கண்ணாடியும் வாங்கலாம், ரப்பர் வேண்டாம். ஒல்ரனேற்றர், ஸ்டார்ட்டர், லைற், கதவுக் கைபிடி, கண்ணாடி ஏற்றும் மோட்டார், கணினிப் பெட்டி ஆகியவை, மலிவான புதுப் போலியைவிடக் கழற்றிய அசலே மேல். கணினிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் உங்களதுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மவுண்ட், ஹோஸ், தண்ணீர் பம்ப், பிரேக் சிலிண்டர் ரப்பர், டைமிங் செயின், ஷொக் அப்சோபர் இவை எல்லாம் புதியதாகவே. ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

புதியதில் டொயோட்டா பெட்டிதான் வேண்டும் என்றில்லை. தண்ணீர் பம்ப் ஐசின் அல்லது ஜீஎம்பி, ஸ்டியரிங் முனைகள் “555” மார்க், ஷொக் கேவைபி, பெல்ற் பண்டோ, பிளக் டென்சோ அல்லது என்ஜிகே. இவற்றுக்கும் போலி உண்டு. பெட்டியைவிடப் பொருளைப் பாருங்கள்: எழுத்து மங்கல், வார்ப்பில் பிசிறு, பெட்டி எண்ணும் பொருளில் அடித்த எண்ணும் வேறு என்றால் திருப்பிக் கொடுங்கள்.

முழு எஞ்சின் மாற்றுவதாக இருந்தால், அதன் இறக்குமதி ஆவணப் பிரதியையும் பற்றுச்சீட்டையும் கையில் வாங்கியபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். எஞ்சின் இலக்க மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால், விற்கப் போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: காரின் அசல் ரேடியோவில் எங்கள் வானொலிகள் பாதிகூட எடுப்பதில்லை. (மன்னார்)

பதில்: அந்த ரேடியோ எஃப்எம்மில் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் கேட்கும், இங்கே ஒலிபரப்பு 88 முதல் 108 வரை. அலைவரிசையை மாற்றிக் கொடுக்க அன்ரனா வயரில் பூட்டும் பான்ட் எக்ஸ்பாண்டர் மலிவு, ஆனால் திரையில் காட்டும் எண் வேறாக இருக்கும். புதிய செற் போடுவதானால் டொயோட்டாவின் இடம் 200 மில்லிமீற்றர் அகலம், நிசானுடையது 180. அதற்கேற்ற சட்டத்தையும் மாற்று வயர்க் கட்டையும் சேர்த்து வாங்குங்கள். அசல் சொக்கெற்றை வெட்ட விடாதீர்கள்.