ரீச்சரிடம் கேளுங்கள்: வேப்பம்பூவுக்கு எத்தனை இதழ்?

கேள்வி: பங்குனியில் முன்பள்ளிப் பிள்ளைகளோடு 'வசந்தகாலம்' கொண்டாடச் சொல்கிறார்கள். கையிலுள்ள புத்தகத்தில் கடுதாசித் துலிப் பூவும் உருகும் பனியும்தான் இருக்கின்றன. என்னிடம் 18 பிள்ளைகள். என்ன செய்யட்டும், ரீச்சர்?
– முன்பள்ளி ஆசிரியை, திருக்கோவில்

பதில்: நானும் துலிப் செய்தவள்தான், தங்கச்சி. இரவிரவாக வெட்டி ஒட்டிச் சுவர் முழுக்கப் போட்டேன். காலையில் வந்த பொடியன் ஒருத்தன், "இதென்ன ரீச்சர், முட்டைக் கோதா?" என்றான். பிள்ளைகள் அதில் ஒரு கைகூட வைக்கவில்லையே, அவனைக் குறை சொல்லி என்ன?

குளிர் நாட்டில் பகல் நீண்டு, பனி கரைந்து, மண்ணுக்குள் கிடந்த கிழங்கிலிருந்து துலிப் முளைக்கும். நாம் இலங்கையின் கிழக்குக் கரையில், பூமத்திய ரேகைக்கு 8 பாகைக்குள் இருக்கிறோம். பகல் எந்த மாதமும் 12 மணித்தியாலத்தை ஒட்டித்தான். நமக்குக் காலத்தை மாற்றுவது மழை. மாரி ஓய்ந்து, பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிய, வேம்பும் கொன்றையும் பூக்கும். சித்திரை வைகாசிதானே நம் இளவேனில்.

முதல்நாள் பின்னேரம் வேப்பமரத்தடியில் ஒரு பழைய நீலச் சேலையை விரித்துவிடுங்கள். விடிய வெள்ளைப் பூ கொட்டிக் கிடக்கும். ஆளுக்கொரு பூ. ஒரு இதழுக்கு ஒரு விரல் மடக்கட்டும்: ஐந்து. கொன்றையும் ஐந்து. "எல்லாப் பூவும் அஞ்சா ரீச்சர்?" என்று யாராவது கேட்கும்வரை பொறுத்திருந்து வெட்சிப்பூவை எடுங்கள். அதற்கு நான்கு.

குயில் கூவினால் எல்லாரும் சேர்ந்து திருப்பிக் கூவட்டும். அது விட்டுக்கொடுக்காது, இன்னும் உரத்துக் கூவும். கறுத்த ஆண்குயிலின் குரல் அது. பெண் புள்ளி போட்டது, காகக் கூட்டில் முட்டையிடும். இதைச் சொன்னீர்களோ, "அப்ப குஞ்சுக்கு அம்மா ஆரு?" என்று அன்று முழுக்க உங்களை விடமாட்டார்கள்.

கடற்கரைப் பக்கம் போனால் எருக்கலை மொட்டை நசுக்கி வெடிக்க ஓடுவார்கள். விடாதீர்கள், அந்தப் பால் கண்ணுக்கு ஆபத்து.

துலிப்பை ஒளிக்கவும் வேண்டாம். சுவிஸில் மாமா இருக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும்; மாமா போனில் அனுப்பும் படத்தைக் காட்டினால் போதும்.

கேள்வி: இரண்டு கிழமையாக மகன் ஒரு படமும் கீறிக் கொண்டுவரவில்லை. வீட்டில் கூவிக்கொண்டே திரிகிறான். மாதாமாதம் காசு கட்டுகிறோமே?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அடுத்தமுறை கூவும்போது நீங்களும் ஒருக்காத் திருப்பிக் கூவிப் பாருங்கள், மகள்.