பழைய ஹார்டு டிஸ்க் ‘அனுமதி இல்லை’ என்கிறதா?

கேள்வி: எங்கள் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. கடையில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டுக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்பில் செருகினால் டிரைவ் திறக்கிறது. ஆனால் என் பெயரில் உள்ள ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்கிறது. குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. உறவுக்காரப் பையன், “வைரஸ், ஃபார்மேட் பண்ணிடலாம்” என்கிறான். என்ன செய்ய?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஃபார்மேட் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வைரஸ் வேலை இல்லை. டிஸ்க் கெட்டுப்போனதற்கான அடையாளமும் இல்லை. படங்கள் உள்ளேயே இருக்கின்றன.

விண்டோஸ் உங்களைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. கணக்கு தொடங்கும்போதே எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீளமான எண் ஒன்றை அதற்குக் கொடுத்துவிடுகிறது. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும் ரேஷன் கார்டு எண் வேறுவேறுதானே, அப்படி. பழைய டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்கள் பழைய எண்ணுக்குச் சொந்தம். புது லேப்டாப்பில் உங்களுக்குப் புது எண். விண்டோஸ் 98 காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்க அப்போது இருந்த ஃபேட்32 முறையில் உரிமையாளர் என்ற குறிப்பே கிடையாது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகுதான், உரிமையாளரைக் குறித்துவைக்கும் என்டிஎஃப்எஸ் முறை வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது.

சரி, திறப்பது எப்படி? அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள கணக்கில் நுழைந்து, அந்த ஃபோல்டரை இரண்டு முறை க்ளிக் செய்யுங்கள். வரும் செய்தியைப் பதற்றப்படாமல் முழுதாகப் படியுங்கள். அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, கீழே ‘கன்டினியூ’ பட்டன் காட்டினால் அதை அழுத்துங்கள். உள்ளே உள்ள ஒவ்வொன்றிலும் உங்கள் கணக்குக்குப் படிக்கும் உரிமை எழுதப்படும். படங்கள் நிறைய இருந்தால் மேலே பச்சைக் கோடு நகர்வதே தெரியாது. கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

செக்யூரிட்டி டேபுக்குப் போகச் சொல்லி வேறு செய்தி வந்தால் மட்டும் அடுத்த படி. ஃபோல்டரில் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ‘ஓனர்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில் ‘சேஞ்ச்’ இருக்கும். அதில் உங்கள் கணக்கின் பெயரைக் கொடுங்கள். பெயரை எப்படி எழுதுவது என்று குழப்பமா? அங்கேயும் அட்வான்ஸ்டு, ‘ஃபைண்ட் நவ்’ அழுத்தினால் பட்டியலே வரும். ஓனர் பெயருக்குக் கீழே உள்ளடங்கிய ஃபோல்டர்களுக்கும் மாற்றச் சொல்லும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். பலர் டிக் செய்ய மறப்பது அதைத்தான். மறந்தால் வெளி ஃபோல்டர் திறக்கும், உள்ளே போனால் மறுபடி அதே பல்லவி. ஓகே கொடுத்து எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு, மறுபடி அதே இடத்துக்குப் போய் ‘ஆட்’ மூலம் உங்கள் பெயருக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுங்கள்.

கட்டளை எழுதிப் பழகியவர் வீட்டில் இருந்தால் இவ்வளவும் வேண்டாம். விண்டோஸிலேயே உள்ள ‘ரோபோகாப்பி’ என்ற நகலெடுக்கும் கட்டளையை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ஜன்னலில், பேக்கப் முறையில் ஓட்டச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கின் அனுமதிகளில் கை வைக்காமலே படங்களை நகலெடுத்துவிடும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த ஓனர் மாற்றும் வேலையைப் புது லேப்டாப்பின் சி டிரைவ் முழுதுக்கும் செய்து பார்க்காதீர்கள். அங்கே பல சிஸ்டம் ஃபைல்கள் ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற கணக்கின் பொறுப்பில் இருப்பது பாதுகாப்புக்காக. மாற்றினால் அப்டேட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக இடக்குப் பண்ணும். ‘எவ்ரிஒன்’ என்று போட்டு எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கச் சொல்லும் யோசனையையும் காதில் வாங்காதீர்கள்.

ஃபைலின் ஐகான் மேல் சின்னப் பூட்டு தெரிந்தால் கதை வேறு. அது என்க்ரிப்ட் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கப்பட்டது. பழைய கணக்கின் டிஜிட்டல் சான்றிதழ் (அந்தச் சாவி) இல்லாமல், ஓனரை மாற்றினாலும் திறக்காது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இப்படிப் பூட்டும் வசதி கிடையாது என்பதால், வீட்டுக் கம்ப்யூட்டரில் இதற்கு வாய்ப்பு குறைவு. டிரைவ் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் செருகியவுடனேயே சாவி கேட்டிருக்கும். உங்களிடம் கேட்கவில்லை.

டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் வந்தாலோ, ஃபார்மேட் செய்யச் சொல்லி விண்டோஸே கேட்டாலோ அனுமதிப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு நோண்டாதீர்கள். உடனே கழற்றிவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், ஃபோல்டர் திறந்ததும் முதல் வேலையாகப் படங்களை லேப்டாப்பில் ஒரு நகல், வேறொரு டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ செய்யுங்கள். இரண்டு நகலையும் திறந்து பார்த்த பிறகு, பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்வதா வேண்டாமா என்று அந்த உறவுக்காரப் பையனோடு பேசிக்கொள்ளலாம்.