கடிதத்தைக் கொடுத்தவர் யார்?

கேள்வி: எனக்குப் பிடித்த பாடகர் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று இணைய ஏலத்துக்கு வருகிறது. கையெழுத்து அசல்தான் என்று நிபுணர் ஒருவரின் சான்றுக் கடிதமும் உண்டாம். சேமிப்பைப் போட்டு வாங்கலாமா?

பதில்: அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், சகோதரி. பாடகர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் தரும் சான்று வேறு. பல ஆண்டுகள் கழித்து மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் எழுதித் தருவது வேறு. இரண்டாவது, அவருடைய கருத்து மட்டுமே.

ஒப்பிட்ட மாதிரியே போலி என்றால்? 1983இல் ஜெர்மனியின் ஷ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. கையெழுத்து நிபுணர்களும் அசல் என்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் நாட்குறிப்புகளே போலி; அவர்களுக்குக் கொடுத்த மாதிரிகளில் சிலவும் அவற்றை எழுதிய அதே மோசடிக்காரர் கோன்ராட் குயாவ் எழுதியவை! போருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்தில் இருந்தது குட்டை உடைத்தது.

2022இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கையெழுத்திட்ட பிரதிகள் என்று 900 புத்தகங்களை, தலா 599 டாலருக்கு, பதிப்பகமே விற்றது. பதிப்பகத் தலைவரின் சான்றுக் கடிதமும் கூடவே வந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோதுதான் அவை இயந்திரம் போட்ட கையெழுத்துகள் என்று தெரிந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. ஏல விற்பனையாளர் அப்படித் தருவாரா?

கையெழுத்தை மிக அருகில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். வேகமாகப் போடுகிற கையெழுத்தில் கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலிந்திருக்கும். பார்த்து வரைந்ததில் கோடு ஒரே தடிமனாக, லேசான நடுக்கத்தோடு, நுனி மழுங்கி நிற்கும். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, ஆனால் சந்தேகம் எழுந்தால் விலகிக்கொள்ளலாம்.

கடிதத்தில் நீங்கள் வாங்கப்போகும் அதே புகைப்படம் அச்சாகியிருக்க வேண்டும். 'கறுப்பு வெள்ளைப் படம், நீல மை' என்று மட்டும் இருந்தால், அதை எந்தப் படத்தோடும் சேர்த்துவிடலாம். கடிதத்தில் உள்ள சான்று எண்ணை, அதைக் கொடுத்த நிறுவனத்திடமே சரிபாருங்கள். எண் பொருந்தினால் போதாது. அசல் கடிதத்தின் எண்ணைப் போலியில் அச்சிடுகிறார்கள். அவர்களிடம் உள்ள படமும் பொருந்த வேண்டும்.

பிறகு விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: வேறொரு நிபுணர் போலி என்று சொன்னால், எத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்? தெளிவான பதில் வரும்வரை ஏலம் கேட்காதீர்கள்.