நிலக்கரியை ஆய்வகத்தில் எரித்துப் பார்த்தால் போதாதா, பைலட் உலை (பெரிய ஆலைக்கு முன் கட்டிப் பார்க்கும் சிறிய சோதனை உலை) எதற்கு?

போதாது. ஆய்வகக் கருவியில் எரிவது சில மில்லிகிராம் தூள். ஈரம், சாம்பல் அளவெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆனால் அங்கே சுவாலை கிடையாது. மின்நிலையக் கொதிகலனில் மாவாக அரைத்த கரி காற்றோடு பீறிட்டு, சில நொடிகளில் எரிந்து முடிகிறது. சாம்பல் உருகிக் குழாயில் ஒட்டுமா, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு வரும் என்பதில் சுவாலையின் வெப்பத்துக்கும் காற்று கலக்கும் விதத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

நல்ல உதாரணம் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸெ பும்பெ என்ற இடம். வாட்டன்ஃபால் நிறுவனம் 2008-ல் அங்கே 30 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட பைலட் ஆலையைத் தொடங்கியது. கரியமில வாயுவைத் தனியாகப் பிடிப்பதற்காக, பழுப்பு நிலக்கரியைக் காற்றுக்குப் பதிலாக, ஆக்சிஜனும் திருப்பி விட்ட புகையும் கலந்த வாயுவில் எரித்தார்கள். வெறும் ஆக்சிஜன் என்றால் வெப்பம் எல்லை மீறும், அதனால்தான் புகையைச் சேர்ப்பது. காற்றின் நைட்ரஜன் இல்லாததால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும். அப்புறம் மின்புல வடிப்பான் சாம்பலைப் பிடிக்கும், ஈரக் கழுவல் கந்தகத்தை எடுக்கும், குளிர்விப்பான் நீரைப் பிரிக்கும்.

இவை அத்தனையும் ஒரே வரிசையில் ஓடியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். புகை திரும்பத் திரும்பச் சுற்றும்போது கந்தக டைஆக்சைடு செறிகிறது, அரிப்பு அபாயம் கூடுகிறது. இடுக்குகளில் வெளிக்காற்று கசிந்தால் கரியமில வாயுவின் தூய்மை குறைகிறது. தனித்தனிக் கருவிகளில் இவை கண்ணில் படாது.

ஒரு எச்சரிக்கை: சிறிய உலையில் கொள்ளளவைப் பார்க்கச் சுவர்ப் பரப்பு அதிகம், வெப்பம் சீக்கிரம் வெளியேறும். அதனால் பைலட் எண்களை அப்படியே பெருக்கிப் பெரிய கொதிகலனுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.