வார்டில் ஓவியம் மாட்டினால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா?

ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அப்பாவின் அறையில் ஓவியம் மாட்டினால் பலன் உண்டா, இல்லை வெறும் அலங்காரம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் உண்டு. ஆனால் எங்கே மாட்டப்போகிறீர்கள்?

முதுகுத்தண்டில் அறுவை செய்து பதினொரு நாள் மல்லாந்து கிடந்தவன் நான். என் அறையிலும் ஒரு ஓவியம் இருந்தது, என் தலைமாட்டில். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "அட, படம் நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வாய்த்தது ஃபால்ஸ் சீலிங்கும், அதில் ஏசி ஒழுகிய பழுப்புக் கறையும்.

நான்காம் நாள் இரவு டியூட்டி சிஸ்டரிடம் புலம்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் படத்தைக் கழற்றிக் கால்மாட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாய்த்து வைத்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். வாய்க்கால் கரை, ஒரு படகு. படகின் கயிறு சட்டத்துக்கு வெளியே போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஏறும்போது அது எதில் கட்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். மரமா, முளைக்குச்சியா, யாராவது கையில் பிடித்திருக்கிறார்களா... அதற்குள் அடுத்த ஊசிக்கு நேரமாகிவிடும். காலையில் துப்புரவுக்கு வருபவர் படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டுவார். இரவு சிஸ்டர் கழற்றுவார்.

படம் பார்த்தால் புண் ஆறுமா என்று சண்டைக்கு வராதீர்கள். ஆற்றியது மருந்துதான். 1984இல் ரோஜர் உல்ரிச் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு எழுதினார். பித்தப்பை அறுவை முடிந்த 46 பேர். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு போனார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வு, அதுவும் ஜன்னல், ஓவியமில்லை, தெரியும். ஆனால் படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது, பாருங்கள். பின்லாந்தில் 1933இல் முடிந்த பைமியோ காசநோய் மருத்துவமனையில், நோயாளி நாளெல்லாம் பார்ப்பது கூரையைத்தான் என்று கூரைக்கே கண்ணை உறுத்தாத பச்சை அடிக்கவைத்தார் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ.

ஆணி அடிக்கும் முன் அப்பா கட்டிலில் ஒரு தரம் படுத்துப் பாருங்கள். புரியாத கிறுக்கல் ஓவியம் வேண்டாம். ஜுரத்தில் அது என்னென்னவோவாகத் தெரியும். (நவீன ஓவியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.)

என் எதிர்ச்சுவரை டிவிக்கு ஒதுக்கியிருந்தார்கள். ரிமோட் யாரிடம் என்று கடைசிவரை தெரியவில்லை. அதைக்கூட மன்னித்துவிடுவேன். காலை 9 மணிக்கு டிஸ்சார்ஜ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பில் தர இரவு 7 ஆக்கினார்களே! அந்தப் பத்து மணி நேரமும் படம் தலைமாட்டு ஆணியில். சிஸ்டர் டியூட்டிக்கு வருவது எட்டு மணிக்கு.