வைஸுக்கு கிரீஸா, ஆயிலா? பட்டறைக்காரர்களின் கேள்வி பதில்

மேசையில் பொருத்தி, பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸுக்கு எதைப் பூசுவது என்று குமரி மாவட்டத்துப் பட்டறைக்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஃபிட்டர் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் பதில் சொல்கிறார்.

மார்த்தாண்டம், வெல்டிங் பட்டறை: அண்ணே, புதுசா ஆறு இஞ்ச் வைஸ் வாங்கியிருக்கேன். கிரீஸ் போடணுமா, ஆயில் போதுமா?

ரெண்டும் வேணும் தம்பி, ஆனா இடம் வேற வேற. ஸ்க்ரூ நட்டுக்குள்ள ஓடுற மரை ஒண்ணு. ஹேண்டில் பக்கம் ஸ்க்ரூவோட தலை தாடையில அழுந்துற காலர் இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் கிரீஸ்தான். அங்க வேகம் குறைவு, அழுத்தம் அதிகம். வெறும் ஆயில் நசுங்கி வெளிய வந்துடும். கடையில ஏபி3 கேட்டா கிடைக்கும், லித்தியம் கிரீஸ், கெட்டி 3-ஆம் எண். 2-ஆம் எண் கொஞ்சம் இளக்கமா இருக்கும், மரைக்குள்ள நல்லா பரவும். கிடைச்சா அதையே வாங்குங்க.

தாடை முன்னும் பின்னும் போற சறுக்குத் தண்டுக்கு மட்டும் ஆயில். பைக்குக்கு ஊத்துற 20டபிள்யூ-40 போதும். துணியில நனைச்சுத் தேய்ச்சு, உலர்ந்த துணியால ஒருதடவை துடைச்சிருங்க. பொருளைப் பிடிக்கிற ஜா பிளேட்டுல எதையும் பூசாதீங்க. அடியில சுழல்ற பேஸ் இருந்தா அதோட முகத்துலயும் பூசக்கூடாது, அது உராய்வாலதான் நிக்குது. அதை இறுக்குற போல்ட்டு மரையில மட்டும் ஒரு பொட்டு வைக்கலாம்.

மணவாளக்குறிச்சி: கிரீஸ் பூசி கொஞ்ச நாள்லயே கரகரன்னு அரைக்குது. தரமில்லாத கிரீஸா?

கிரீஸ் மேல குத்தமில்ல, உங்க ஊரு மண்ணைப் பாருங்க. அந்தக் கடற்கரை மணல்ல கருப்பா இல்மனைட், சிவப்பா கார்னெட்ன்னு ரெண்டு தாது இருக்கு. கார்னெட்டோட கடினம் மோஸ் அளவுல 6.5-ல இருந்து 7.5 வரைக்கும். உரசுற காகிதத்துக்கும், தண்ணியைப் பீய்ச்சி இரும்பு வெட்டுற மெஷினுக்கும் அதைத்தான் போடுறாங்க. அது கிரீஸ்ல ஒட்டுச்சுன்னா வால்வு உரசுற பேஸ்ட்டுக்கும் உங்க வைஸ்ல இருக்கிறதுக்கும் வித்தியாசமே இல்ல. ஹேண்டிலைத் திருப்புற ஒவ்வொரு தடவையும் நட்டைத் தின்னும்.

ஸ்க்ரூவை முழுசா வெளிய எடுங்க. மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி பிரஷ்ஷால தேயுங்க, நட்டோட உள்பக்கத்தையும் விடாதீங்க. பலபேரு வெளிய தெரியுறதைத் துடைச்சிட்டுப் புது கிரீஸைப் பூசுறாங்க. பழைய மணல் உள்ளேயே கிடக்கும். காஞ்சதும் மரையிலயும் காலர்லயும் மட்டும் மெல்லிசா கிரீஸ் போடுங்க. சறுக்குத் தண்டுக்கு உங்க ஊர்ல ஆயிலும் வேண்டாம். வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்ச்சு, துணியால மெருகேத்துங்க. உலர்ந்த மெழுகுல மணல் அவ்வளவா ஒட்டாது. வேலை முடிஞ்சா ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடுங்க. கிரைண்டர் பக்கத்துல வைஸ் வச்சிருக்கிற எல்லாருக்கும் இதே வைத்தியம்தான்.

குளச்சல், போட் இன்ஜின் மெக்கானிக்: உப்புக்காத்துல ஒரு வாரத்துல துரு ஏறுது. என்ன கிரீஸ்?

கிரீஸ் வாங்குறதுக்கு முன்னால நல்ல தண்ணியால கழுவுங்க. உப்பு மேலேயே கிரீஸ் பூசினா அடியில துரு ஓடிக்கிட்டே இருக்கும். நல்லா காய வச்சப்புறம் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் போடுங்க. தண்ணிக்கு அசையாது, துருவையும் தடுக்கும். விலை கூடுதல்தான், ஆனா கடலோரப் பட்டறைக்கு அதுதான் சரி. தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் நமக்கு உண்டு. ஒவ்வொரு மழை தொடங்குறதுக்கு முன்னாலயும் கழுவிப் பூசிருங்க. ஜா பிளேட்டைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூக்களையும் கழட்டி கிரீஸ் தொட்டு மாட்டுங்க, இல்லன்னா பின்னால அது உடைஞ்சுதான் வரும். கிராஃபைட் தூள் மட்டும் வேண்டாம். உப்பு ஈரத்துல அது இரும்போட சேர்ந்து துருவைக் கூட்டும்.

ஈத்தாமொழி: வீட்டுல தேங்காய் எண்ணெய் இருக்க, கிரீஸுக்கு ஏன் காசு?

வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் மோசமில்ல, கொழுப்பு அமிலம் இரும்பை நல்லா பிடிச்சுக்கும். துளைக்குள்ள மரை வெட்ட டேப் போடும்போது ஒரு சொட்டு விடுங்க, அருமையா வெட்டும். வைஸுக்குத்தான் ஆகாது. நம்ம வெயில்ல ஒழுகிப்போகும், 24 டிகிரி பக்கம் இறங்கினா உறையும். நாள்பட்டுச் சிக்குப் பிடிச்சா அமிலம் கூடி, நட்டு கன்மெட்டலா, அதாவது செம்புக் கலவையா இருந்தா பச்சை பூக்கும். பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம். கரியும் இரும்புத்தூளும் அதுல இருக்கு, தினமும் கையில படுறது தோலுக்கும் கெடுதல்.

நாகர்கோவில், பாலிடெக்னிக் மாணவர்: சார், மரையில் கிரீஸ் போட்டால் வைஸ் பிடி தானாகத் தளராதா?

நல்ல கேள்வி. கணக்கே போட்டுப் பாத்திரலாம். ஸ்க்ரூவோட சராசரி விட்டம் 22.5 மி.மீ., பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, 5 மி.மீ.ன்னு வைங்க. ஒரு சுத்துக்கு மரை ஓடுற தூரம் ஏறக்குறைய 70.7 மி.மீ.; அதுக்குள்ள 5 மி.மீ. ஏறுது. அப்போ சாய்வுக் கோணம் ஏறக்குறைய 4 டிகிரி. கிரீஸ் பூசின மரைக்கு உராய்வுக் குணகம் 0.1-ன்னு எடுத்தா உராய்வுக் கோணம் 5.7 டிகிரி. சாய்வை விட உராய்வு பெரிசா இருக்கிறவரை ஸ்க்ரூ தானாத் திரும்பாது. மாலிப்டினம் கலந்த கிரீஸால குணகம் 0.06 வரை இறங்கிச்சுன்னா கோணம் 3.4 ஆகும், மரையை மட்டும் பாத்தா தளரணும். ஆனா காலர்ல இருக்கிற உராய்வு பிடிச்சு நிறுத்தும். கிரீஸ் போட்டா கூடுறது பிடிதான்: கையால போடுற பலம் உராய்வுல வீணாகாம தாடைக்குப் போகுது.

குலசேகரம்: வைஸ்ல பிடிக்கிற ரப்பர் வாஷர் உப்பிப்போகுது.

இயற்கை ரப்பரும் பெட்ரோலிய ஆயிலும் சேரவே சேராது. தாடையை சோப்புத் தண்ணியால துடைச்சிட்டுப் பிடிங்க. ரப்பர் படுற இடத்துக்கு வழுக்கல் வேணும்னா சிலிக்கான் கிரீஸ்.

ஆரல்வாய்மொழி: காத்தாலை வேலையில மிஞ்சின கிரீஸ் கைவசம் இருக்கு. போடலாமா?

போடலாம், பழசு மேல மட்டும் போடாதீங்க. மிஞ்சினது பாலியூரியா கிரீஸா இருந்து, பழைய லித்தியம் கிரீஸோட கலந்தா பெரும்பாலும் இளகி ஒழுகும். பழசைச் சுத்தமா கழுவிட்டுப் பூசுங்க.

தக்கலை: அப்பா காலத்து வைஸ் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சா போதுமா அண்ணே?

திறக்கிறதுக்கு உதவும், ஓட்டுறதுக்கு உதவாது. அது 1953-ல அமெரிக்காவுல ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கச் செஞ்சது; அது விட்டுட்டுப் போற படலம் ரொம்ப மெலிசு. மரையில அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. காலையில ஸ்க்ரூ தலையில மரச்சுத்தியால தட்டி, முன்னும் பின்னும் கொஞ்சங்கொஞ்சமா அசைங்க. ஹேண்டில்ல பைப்பு மாட்டி மிதிக்காதீங்க, வார்ப்பு இரும்பு சொல்லாம கொள்ளாம பிளக்கும். கழண்டதும் கழுவி கிரீஸ் போடுங்க.

போட்டபிறகு, திறக்கிற பக்கமா இருந்து மூடுற பக்கமாத் திருப்பி, தாடை அசையுறதுக்கு முன்னால ஹேண்டில் எவ்வளவு சும்மா சுத்துதுன்னு பாருங்க. கால் சுத்துக்கு மேல போனா நட்டு தேஞ்சிருக்கு. அதுக்கு எந்த கிரீஸும் மருந்தில்ல. ஸ்க்ரூவையும் நட்டையும் சேர்த்தே லேத்துக்குக் கொண்டுபோங்க. நட்டைப் புதுசா கடைஞ்சு அந்த ஸ்க்ரூவுல ஓட்டிப் பாத்துத்தான் வாங்கணும்.